சக்கரம் இல்லாமல் சட்டி செய்வோம்



இந்த மாதம் சுவர் இதழில் "செய்து பார்" பகுதிக்கு ஒருவர் எழுத வேண்டும் என்று தமிழ் ஐயா கேட்டார். நான் கை தூக்கினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்றால் எங்கள் வீடு பானை செய்கிற வீடு என்பதை நான் இதுவரை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டபோது "கரும்பு வெட்டப் போறாங்க" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியை இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா சக்கரத்தில் பானை வனைவார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பானைகளை அடுக்கி, கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் கொண்டு போவாராம். காசுக்குப் பதில் சாமையும் புளியும் வாங்கி வந்த காலம் அது என்று ஆயா சொல்லும். தாத்தா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் சக்கரம் எங்கள் கொட்டகையில் சுவர் ஓரமாகச் சாய்ந்து கிடக்கிறது. அப்பா கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தாலும் விற்காது என்பார்.

போன கோடை லீவில் ஒருநாள் நான் அந்தச் சக்கரத்தைச் சுத்திப் பார்க்கப் போனேன். ஆயா வந்து தடுத்துவிட்டது. "பொம்பளைங்க அதத் தொடக் கூடாது பாப்பா" என்றது. நம் நாட்டில் பல ஊர்களில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. மண் சலிப்பது, மிதிப்பது, சூளைக்கு அடுக்குவது, சந்தையில் விற்பது எல்லாம் பெண்கள் செய்வார்கள். சக்கரம் மட்டும் ஆண்களுக்கு.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப எனக்கு யாரு கத்துக் குடுப்பா?" என்று கேட்டேன். ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சக்கரத்தத்தான் தொடக் கூடாதுன்னாங்க. கைய யாரும் கட்டிப் போடலையே. போயி அந்த மண்ணு வாளிய எடுத்தா" என்றது.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சக்கரத்துக்கு முந்தியது கை

பானை என்றால் உடனே சக்கரம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் மனிதர்கள் முதலில் பானை செய்தது வெறும் கையால்தான். சீனாவில் ஒரு குகையில் கிடைத்த ஓடுகள் சுமார் 20,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2012 ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சக்கரம் வந்ததெல்லாம் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு.

நம் ஊரிலும் பாருங்கள். மண் அடுப்பு யார் போட்டது? நம் ஆயாக்கள். நெல் கொட்டி வைக்கிற குதிர் எப்படிச் செய்தார்கள்? வளையம் வளையமாக மண்ணைக் கட்டி, ஒரு வளையம் காய்ந்ததும் அதன் மேல் அடுத்ததை வைத்து, ஆள் உயரத்துக்குக் கொண்டு வந்தார்கள். அய்யனார் கோயில் மண் குதிரையும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் உள்ள குதிரைகள் உண்டு. முதலில் நாலு காலையும் செய்து நிறுத்தி, அதன் மேல் மண்ணை அடுக்கி, தட்டித் தட்டி வயிறு, கழுத்து, தலை என்று எழுப்புவார்கள். மண்ணோடு மணலும் நெல் உமியும் கலப்பார்கள்.

சக்கரத்தில் வனைந்த பானைக்குக்கூடக் கை வேலை உண்டு. நம் பக்கத்தில் பானையைச் சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது அதற்கு அடிப்பாகம் இருக்காது. உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப் பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தட்டுகிற வேலையை ஆயாவும் செய்திருக்கிறது. அப்படியென்றால் தாத்தா பானையில் பாதி ஆயா பானைதானே?

தேவையான பொருட்கள்

களிமண் ஒரு வாளி, சலித்த மணல், தண்ணீர், பழைய புடவைத் துணி, கோணிச்சாக்கு, பழைய சீப்பு அல்லது ஈர்க்குச்சி, வழவழப்பான கூழாங்கல், கொஞ்சம் நூல், பிளாஸ்டிக் பை. எல்லாம் வீட்டிலேயே இருக்கும். காசு செலவு இல்லை.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது

கோடையில் ஏரி வற்றியதும் அடியில் இருக்கும் களிமண் நல்லது. ஆனால் ஏரி பொதுச் சொத்து, சும்மா போய்த் தோண்டக் கூடாது. 2024 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதி பெற்று ஏரி, குளங்களில் வண்டல் மண்ணும் களிமண்ணும் இலவசமாக எடுக்கலாம் என்று முறையை எளிதாக்கியது. நமக்கு ஒரு வாளிதான் வேண்டும் என்றாலும் பெரியவர்களைக் கேட்டு, அவர்களோடு போய் எடுங்கள். தண்ணீர் இருக்கும் குழிப் பக்கம் போகவே வேண்டாம்.

மண் சரியா என்று பார்க்க ஒரு சோதனை: கொஞ்சம் மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சுண்டு விரல் கனத்துக்குத் திரி உருட்டுங்கள். அதை உங்கள் ஆள்காட்டி விரலைச் சுற்றி மோதிரம் மாதிரி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். உடனே உடைந்தால் மணல் அதிகம். வளைந்துவிட்டு, காயும்போது பிளந்தால் களி அதிகம். வெறும் கரிசல் மண்ணில் இப்படித்தான் ஆகும். அதற்கு மணல் சேர்க்க வேண்டும்.

மண்ணைப் பக்குவம் செய்வது

1. மண்ணை நன்றாகக் காயவைத்து, கட்டியை உடைத்து, வேர், கல், சிப்பி எல்லாம் பொறுக்குங்கள்.

2. வாளியில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். காய்ந்த மண்தான் சீக்கிரம் ஊறும். பாதி ஈரமாக இருக்கும் மண் கட்டி கட்டியாகவே நிற்கும்.

3. கூழ் மாதிரி கரைத்துப் புடவைத் துணியில் வடிகட்டுங்கள். ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

4. அடியில் உள்ள மண்ணைக் கோணிச்சாக்கில் பரப்புங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் 4 பங்கு களிமண்ணுக்கு 1 பங்கு சலித்த மணல் கலக்குங்கள்.

5. காலால் மிதித்து, பிறகு கையால் பிசையுங்கள். பரோட்டா மாவு பிசைவது போல அழுத்திப் பிசைய வேண்டும். நூலால் நடுவில் அறுத்துப் பாருங்கள். உள்ளே ஓட்டை தெரிந்தால் இன்னும் பிசையுங்கள்.

மணல் எதற்கு என்று ஆயாவிடம் கேட்டேன். "மண்ணுக்கு மூச்சு விட எடம் வேணும்" என்றது. அறிவியல்படியும் அது சரிதான். மணல் இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி கிடைக்கும், மண் சுருங்குவதும் குறையும்.

மூன்று விதமாகச் செய்யலாம்

கிள்ளிச் செய்வது: கொய்யாக்காய் அளவு உருண்டை எடுங்கள். நடுவில் கட்டை விரலால் குழி செய்யுங்கள். பிறகு கட்டை விரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே வைத்து, சுற்றிக்கொண்டே மெல்லக் கிள்ளிக் கிள்ளி அகலமாக்குங்கள். அகல் விளக்கு, சின்னக் கிண்ணம் செய்ய இது போதும்.

திரி சுற்றிச் செய்வது: முறுக்கு சுத்தத் தெரிந்தால் இது சுலபம். அடிக்கு ஒரு வட்டத் தட்டு செய்யுங்கள். கட்டை விரல் கனத்தில் திரி உருட்டி அதன் ஓரத்தில் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு திரியையும் கீழே உள்ள திரியோடு விரலால் இழுத்துத் தேய்த்து ஒட்ட வேண்டும். உள்பக்கமும் தேய்க்க வேண்டும், நிறைய பேர் அதை மறந்துவிடுகிறோம். மூன்று நாலு சுற்று ஆனதும் ஒரு மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் கீழ்ப்பாகம் கனம் தாங்காமல் உட்கார்ந்துவிடும்.

தேய்த்து வெட்டிச் செய்வது: சப்பாத்தி மாதிரி மண்ணைத் தேய்த்து, அளவாக வெட்டி ஒட்டுவது. பேனா டப்பா, சின்னத் தொட்டி செய்யலாம்.

எந்த முறையானாலும் ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் சீப்பால் கீறி, மண் கூழ் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். சும்மா ஒட்டினால் காயும்போது கழன்று விழும். கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, சுண்டு விரல் அளவுக்கு இருக்கட்டும். ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெல்லிசு என்றால் மெல்லிசு முதலில் காய்ந்து இழுத்துக்கொள்ளும், விரிசல் விழும்.

என் சட்டிகள் வெடித்த கதை

நான் முதலில் 6 சட்டி செய்தேன். மூன்றாம் நாளே வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. "இன்னும் ஆகல பாப்பா, விடு" என்று ஆயா சொன்னது. அப்பா கரும்பு வெட்டு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார், அதற்குள் சுட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம். சித்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நெருப்பு போட்டுவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் டப், டப் என்று சத்தம். தீபாவளி மாதிரி இருந்தது. அணைந்த பிறகு பார்த்தால் 5 சட்டி தூள். ஒன்று மட்டும் அரைகுறையாகத் தேறியது. அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "இதுக்குத்தான் நான் விட்டேன்" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சும்மா ஓட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். நான் அன்று சாப்பிடவில்லை.

ஏன் வெடித்தது? தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். அதாவது ஒரு டீஸ்பூன் தண்ணீர், 5 மில்லி, ஆவியானால் 8 லிட்டருக்கு மேல் ஆகும். சட்டி வெளியே காய்ந்திருந்தாலும் சுவருக்குள் ஈரம் இருந்தது. நெருப்பு சட்டென்று ஏறியதும் அந்த ஆவிக்கு வெளியே வர நேரம் இல்லை. அதனால் சட்டியைப் பிளந்துகொண்டு வந்தது.

மறுநாள் ஆயா உடைந்த ஓடுகளை எல்லாம் பொறுக்கி அம்மியில் இடித்துக்கொண்டிருந்தது. "எதுக்கு ஆயா?" என்றேன். "அடுத்த மண்ணுல மணலோட கலக்கலாம். வெடிச்ச சட்டியும் வீணாப் போவாது" என்றது. இது உண்மை. ஓட்டுத் தூள் கலந்த மண் விரிசல் விடுவது குறைவு. உலகம் முழுவதும் குயவர்கள் இப்படிச் செய்கிறார்கள்.

காயவைக்கும் முறை

இதுதான் இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் பையால் தளர்த்தி மூடி நிழலில் வையுங்கள். பிறகு திறந்து நிழலிலேயே ஒரு வாரம். காற்று ஒரே பக்கம் அடிக்காமல் தினமும் திருப்பி வையுங்கள். கடைசி ஒரு நாள் வெயில்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? சட்டியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

மண் எவ்வளவு சுருங்கும் என்றும் அளந்து பார்த்தேன். ஈர மண் தகட்டில் 10 செ.மீ. கோடு கீறி வைத்தேன். காய்ந்ததும் 9.3 செ.மீ. தான் இருந்தது. நீங்களும் செய்து பாருங்கள், உங்கள் மண்ணுக்கு வேறு அளவு வரலாம்.

பாதி காய்ந்து, நகத்தால் கீறினால் மட்டும் பதியும் பதத்தில் கூழாங்கல்லால் மேலே தேய்த்தால் பளபளப்பு வரும். செம்மண்ணைக் கரைத்து வடிகட்டிப் பூசித் தேய்த்தால் நல்ல சிவப்பு கிடைக்கும்.

சுடும் முறை

இதைப் பெரியவர்கள் இல்லாமல் செய்யவே கூடாது. கூரை வீடு, வைக்கோல் போர் பக்கத்தில் கூடாது. காற்று வீசும் நாளில் கூடாது. பருத்தி உடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டு முழம் அகலம், ஒரு முழம் ஆழத்தில் குழி எடுங்கள். அடியில் வைக்கோலும் வரட்டியும் பரப்புங்கள். சட்டிகளை முதலில் அடுப்பு ஓரத்தில் வைத்துக் கை பொறுக்கும் சூடு ஏற்றி, குழியில் கவிழ்த்து அடுக்குங்கள். சுற்றியும் மேலும் வரட்டி, தேங்காய் மட்டை. அதற்கு மேல் வைக்கோல். கடைசியில் மண் சேறு மெல்லிசாகப் பூசி நாலு இடத்தில் துளை விடுங்கள். மெதுவாக எரிய வேண்டும். சாயங்காலம் பற்றவைத்தால் மறுநாள் காலையில்தான் திறக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் குளிர் காற்று பட்டுப் பிளந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது? 100 டிகிரியைத் தாண்டியதும் மிச்ச ஈரம் போகும். சுமார் 600 டிகிரி வரும்போது களிமண்ணோடு வேதியியல் முறையில் சேர்ந்திருக்கும் தண்ணீரும் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மண் எத்தனை நாள் ஊறினாலும் திரும்பக் களிமண் ஆகாது. மண்ணில் உள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து சிவப்பு நிறம் தரும். காற்றை அடைத்துப் புகையைப் பிடித்து வைத்தால் கறுப்பாகும். ஆதிச்சநல்லூர், கீழடி போன்ற இடங்களில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகள் இந்த வித்தையால் ஆனவை.

இரண்டாவது தடவை ஆயா சொன்ன மாதிரி பத்து நாள் பொறுத்தேன். 6 வைத்ததில் 5 நன்றாக வந்தன. ஒன்றில் மட்டும் விளிம்பில் விரிசல். அதில் இப்போது துளசி வைத்திருக்கிறோம்.

அதில் ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, இன்னொரு சொம்பிலும் ஊற்றி, நிழலில் நாலு மணி நேரம் வைத்தேன். அறிவியல் டீச்சர் கொடுத்த வெப்பமானியால் பார்த்தேன். சொம்புத் தண்ணீர் 33 டிகிரி, சட்டித் தண்ணீர் 27 டிகிரி. கரண்டு இல்லாமல் 6 டிகிரி குறைந்திருக்கிறது!

கவனிக்க வேண்டியவை

* காய்ந்த மண் தூசியை மூக்கில் இழுக்கக் கூடாது. பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.
* பெயின்ட் அடித்த சட்டியில் சாப்பாடோ தண்ணீரோ வைக்கக் கூடாது.
* புதுச் சட்டியில் முதலில் அரிசிக் கஞ்சி ஊற்றி ஒரு நாள் வைத்துப் பழக்குங்கள். நுண்ணிய துளைகள் அடைபடும், கசிவு குறையும்.

உங்களுக்குத் தெரியுமா?

* நைஜீரியா நாட்டின் 20 நைரா நோட்டில் ஒரு குயவர் படம் இருக்கிறது. அவர் பெயர் லாடி குவாலி. சின்ன வயதில் தன் அத்தையிடம் பானை செய்யக் கற்றவர். பானையைச் சுற்றாமல், பானையைச் சுற்றி இவர் நடந்து நடந்து திரி வைத்துக் கட்டுவார். 1984 இல் காலமானார்.
* அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மரியா மார்ட்டினஸ் (1887–1980) என்ற பழங்குடிப் பெண், சக்கரம் இல்லாமல் செய்த கறுப்புப் பானைகளால் உலகப் புகழ் பெற்றார். அவரும் சாணம் போட்டுப் புகையை அடைத்துத்தான் கறுப்பாக்கினார்.
* மணிப்பூரில் ஆந்த்ரோ என்ற ஊரில் பானை செய்வது பெண்களின் வேலை. அங்கேயும் சக்கரம் கிடையாது.
* சிவகங்கை மாவட்டம் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் என்னும் வாத்தியம் அங்கே செய்யப்படுகிறது.

முடிவாக

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்களைத் தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருவர் தன் பானையில் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நான் மூன்று வருஷமாகப் பானை செய்கிற வீட்டுப் பெண் என்பதைச் சொல்லாமல் இருந்தேன். இதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இரண்டாவது தடவை செய்த சட்டிகளின் அடியில் ஈர்க்குச்சியால் என் பெயரையும் ஆயா பெயரையும் கீறிவிட்டேன். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. நான் கீறியதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எது நான்?" என்று கேட்டது. காட்டினேன்.

அப்பா இப்போது அதில் ஒரு சட்டியில்தான் கரும்பு வெட்டப் போகும்போது மோர் கொண்டு போகிறார். நான் கேட்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

காதி கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் மின்சாரச் சக்கரம் கொடுத்துப் பயிற்சியும் தருகிறது. அதில் பெண்களும் கற்கிறார்கள் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்றது. எங்கள் ஆயா "வேணாம்" என்று சொல்லாமல் "பாக்கலாம்" என்று சொன்னால் பாதி சம்மதம்.

தோழிகளே, தோழர்களே, உங்கள் வீட்டிலும் குதிர் கட்டத் தெரிந்த, அடுப்பு போடத் தெரிந்த ஆயா இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். செய்து பார்க்க விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரலாம். பழைய பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். மண் நான் தருகிறேன். பொறுமையை மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும்.

பிழை இருந்தால் ஆசிரியர்கள் மன்னித்துத் திருத்தவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
நைனார்பாளையம்.